தலைவரு இடுப்புச் சாவி

செத்தவருகிட்ட உத்தரவு கேட்டுப் படகு எடுக்கற ஊரு எங்கியாவது பாத்துக்கிறீங்களா? நான் பாத்துக்கிறேன். பழவேற்காடு ஏரிக்குள்ள கோரைத்திட்டுன்னு ஒரு குப்பம். எண்பது ஊடு. மூணு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் சேறு. சுண்ணாம்புக்குளத்துல இருந்து சேத்து வழியா நடந்தே போவலாம்னு சொல்லுவாங்க. சொன்னவன் எவனும் நடந்ததில்ல.

நான் ராஜவேலு. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டுல இன்ஜின் பட்டறை வெச்சிக்கிறேன். படகு இன்ஜின், தண்ணி மோட்டாரு, நெல்லு அறுக்கற மிஷினு, எது வந்தாலும் பிரிச்சிடுவேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு என் ஊட்டுக்காரியே சொல்லுவா. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்த அஞ்சு மாசம் வாயத் தொறக்காம வெச்சிருந்தேன்.

கோரைத்திட்டுக்குத் தலைவரு பச்சைமுத்து. ஊர்த் தலைவரும் அவருதான், ரெண்டு தபா பஞ்சாயத்து பிரசிடென்ட்டும் அவருதான். மூணாவது தபா அந்த சீட்டு பொம்பளைங்களுக்குன்னு ஆயிடிச்சி. மனுசன் அசரல. மருமவ அம்பிகாவ நிக்க வெச்சி ஜெயிக்க வெச்சாரு. கிராம சபையில அம்பிகா நாற்காலியில உக்காந்திருக்கும், பக்கத்துல நின்னு பேசறது எல்லாம் மாமனாரு. பேசி முடிச்சிட்டு, "இன்னாம்மா, சரிதான?"ன்னு கேப்பாரு. அது தலையாட்டும். ஊரும் தலையாட்டும். டீ வரும், கூட்டம் கலைஞ்சிடும்.

ஆனா கெட்ட மனுசன்னு ஒரு வார்த்த சொன்னா என் நாக்கு அழுவிடும். சேத்துக்குள்ள கரண்ட்டுக் கம்பம் நட வெச்சது அவரு. பாடு விஷயத்துலயும் கறார். பாடுன்னா, ஏரியில எந்த எடத்துல எந்த ஊட்டுக்காரன் என்னிக்கி வலை கட்டணும்னு சீட்டு எடுத்து முறை வைக்கறது. சீட்டுல எது வந்திச்சோ அதுதான். மச்சான், பங்காளின்னு ஒருத்தனும் வாய் பேசக் கூடாது. இறால் சரியா வுழாத எடம் சொந்தப் புள்ளைக்கே வந்தாலும் அவரு மாத்தி வுட்டதில்ல. அதனாலதான் அந்த ஊர்க்காரங்களுக்குச் சீட்டு மேல சாமி மாதிரி நம்பிக்கை.

எட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு டிரஸ்ட்டுக்காரங்க அந்த ஊருக்கு ஒரு ஃபைபர் படகும், பெட்ரோல் இன்ஜினும் குடுத்தாங்க. நோயாளி, புள்ளத்தாச்சிங்கள அக்கரைக்கு இட்டுக்கினு வர்றதுக்கு. கழி போட்டுத் தள்ளிக்கினு வந்தா ரெண்டு மணி நேரம். இன்ஜின்ல இருவத்தஞ்சு நிமிசம். இந்தக் கரைக்கு வந்துட்டா 108 வண்டி நிக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தபா சர்வீஸ் பண்றது என் வேலை.

அந்த இன்ஜினுக்கு சிவப்பா ஒரு கிளிப்பு உண்டு, கயித்தோட. ஸ்டாப் பட்டனுக்குப் பின்னாடி அத சொருவி, கயித்த ஓட்டறவன் கையில மாட்டிக்கணும். ஓட்டறவன் தண்ணியில வுழுந்தா கிளிப்பு புடுங்கிக்கினு இன்ஜின் தானா நின்னுடும். அவ்ளோதான் அதனோட கதை. ஊருல அதுக்குப் பேரு சாவி. அது இல்லன்னா இன்ஜின் பத்தாது. தலைவரு அத அரைஞாண் கயித்துல கட்டி இடுப்புலயே வெச்சிருந்தாரு. குளிக்கும்போதும் அவுக்க மாட்டாரு. எவன் ஊட்டுல எந்த நேரத்துல வலின்னாலும் அவரேதான் வருவாரு, அவரேதான் ஓட்டுவாரு. எட்டு வருசத்துல ஒரு உசுரு வழியில போனதில்ல.

ஒரு தபா அந்தக் கிளிப்பு ஒடஞ்சி போச்சி. புதுசு வர நாளாவும். நான் அங்க கெடந்த வலை நூலை எடுத்தேன். நைலான் நூலு. பட்டனுக்குப் பின்னாடி ரெண்டு சுத்து சுத்தி இறுக்கினா பட்டன் வெளிய தள்ளி நிக்கும். ஸ்டார்ட் பண்ற கயித்தப் புடிச்சி இழுத்தேன், பட்டுனு பத்திக்கிச்சி. தலைவரு சிரிச்சாரு. அப்பறம் சிரிப்ப நிறுத்திட்டு சுத்திமுத்தும் பாத்தாரு.

"ராஜவேலு, இது யாருக்கும் தெரிய வேணாம்பா."

"ஏன் தலைவரே? தெரிஞ்சா நல்லதுதான?"

"இன்னா நல்லது? நாளைக்கே ஒருத்தன் மச்சினிச்சி கல்யாணத்துக்கு எடுத்துக்கினு போவான். இன்னொருத்தன் இறால் ஏத்துவான். வலின்னு ஒரு பொண்ணு கத்தும்போது படகு எளாவூருல நிக்கும். சாவி என் இடுப்புல இருக்கறவரைக்கும்தான் படகு கரையில இருக்கும். நூலு கதைய நீ மறந்துடு."

நியாயமாத்தான் பட்டுச்சி. சரி தலைவரேன்னுட்டேன்.

போன வைகாசியில, பட்டப்பகல்ல, வலைக்கூடத்துல உக்காந்திருந்த மனுசனுக்கு நெஞ்சு வலி வந்திச்சி. சுத்தி இருவது பேரு வலை பொத்திக்கினு இருந்தாங்க. பக்கத்துலயே அவரு சம்சாரம் தெய்வநாயகி அண்ணி, கையில ஊசியும் நூலுமா. அப்படியே சாஞ்சிட்டாரு. பேச்சு வரல. கண்ணு மட்டும் தொறந்திருக்குது. படகு நூறடி தள்ளி நிக்குது. சாவி அவரு இடுப்புல.

நான் அங்க இல்ல. அண்ணி எனக்குப் பலவாட்டி சொன்னதுதான். "இடுப்புல கை வெக்கப் போனேன்பா. என் கைய கப்புனு புடிச்சிக்கினாரு, ஊசியோட. எடுக்காதன்னு மொறைக்கிறாரு. அவரு சாவிய நான் எப்டி எடுக்கறது?"

அவங்க எடுக்கல. ஊரும் எடுக்கல. கண்ணு தொறந்திருக்கிற தலைவரு இடுப்புல கை வெக்க எவனுக்கு தில்லு? ஜெகதீஸ்வரன்னு ஒருத்தரு, தலைவருக்கு அடுத்து நல்லா படகு ஓட்டத் தெரிஞ்சவரு, சாவிய எடுக்கலாமான்னு கேட்டு டிரஸ்ட்டுக்கு போன் போட்டாரு. அங்க சுதான்னு புதுசா வந்த மேடம். முன்ன இருந்த மேனேஜரு வாய் வார்த்தையிலயே எல்லாம் நடத்துவாரு. இந்த மேடம் வந்து எல்லாத்துக்கும் ஃபாரம் போட்டுடுச்சி. "படகுக்குப் பொறுப்பாளர் யாரோ அவரைப் பேசச் சொல்லுங்க"ன்னு சொல்லியிருக்குது. "பொறுப்பாளருதாம்மா கீழ கெடக்கறாரு"ன்னு இவரு அழுதாராம். இப்டியே முக்கா மணி நேரம் போச்சி, உசுரும் போச்சி. கடைசி வரைக்கும் அண்ணி கையில இருந்த ஊசி நூல அவரு வுடவே இல்லியாம். செத்தப்பறம் வெரலப் பிரிச்சித்தான் எடுத்தாங்களாம்.

மறுநாள் சாவுக்குப் போனேன். வலைக்கூடம் பூரா நூலு கெடக்குது. கண்டு கண்டா தொங்குது. ரெண்டு சுத்து, அவ்ளோதான். மாலைய போட்டுட்டு ஓரமா போயி வாந்தி எடுத்தேன். யாருகிட்டயும் சொல்லல.

அதுக்கப்பறம்தான் ஊரு பேஜாராச்சி. சாவிய தலைவரு போட்டோவுல, மாலைக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிட்டாங்க. படகு வேணும்னா அவருகிட்ட பூ கட்டிப் பாக்கணும். ஒரு பொட்டலத்துல செவப்பு அரளி, ஒண்ணுல வெள்ளை அரளி. கற்பூரம் ஏத்தி, ரெண்டையும் குலுக்கிப் போட்டு, அண்ணி கண்ண மூடிக்கினு ஒண்ண எடுப்பாங்க. செவப்பு வந்தா போ, வெள்ளை வந்தா போவாத. ஒரு கெழவருக்கு ஒருக்கா வெள்ளை வந்திச்சி. போவல. சாயங்காலம் ஏரியில சூறைக்காத்து அடிச்சிது. கெழவரும் எப்டியோ எழுந்து உக்காந்துட்டாரு. அவ்ளோதான், தலைவரு இன்னும் படகு ஓட்டறாருன்னு ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சி.

நானும் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. வலைக்கூடத்துல அவரு உக்கார்ற எடத்துல எவனும் உக்கார்றதில்ல. ஒரு நாளு தெரியாம நான் உக்காந்துட்டேன். "எழுந்திருடா"ன்னு யாரோ சொன்ன மாதிரி இருந்திச்சி. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. அன்னியில இருந்து அந்தப் பக்கம் கண்ண ஓட்டவே பயம்.

அம்பிகா நல்ல பொண்ணு. மாமனாரு மாதிரி நானே சொல்லிட மாட்டேன், எல்லாரும் பேசணும்னு பிடிவாதம் புடிச்சிது. மாசத்துக்கு ஒரு கூட்டம். "நீங்க சொல்லுங்க"ங்கும். அவங்க "நீயே சொல்லும்மா"ம்பாங்க. மூணு மணி நேரம் இதே பாட்டு. கடைசியில ஒரு தீர்மானம் போட்டுச்சி. சாவிய வலைக்கூடத்துல ஆணியில மாட்டறது, மூணு பேரு பாடு முறையில ஓட்டறது, யாரையும் கேக்க வேண்டியதில்ல. எல்லாரும் கைய தூக்கினாங்க. ஜெகதீஸ்வரன் ரெண்டு கையையும் தூக்கினாரு. ஆணியும் அடிச்சாச்சி. போட்டோவுல இருந்து சாவிய எடுக்க மட்டும் ஒருத்தனும் போவல. அம்பிகாவும் போவல.

"நீ பிரசிடென்ட்தான, போயி எடு"ன்னேன் நான்.

"நான் எடுத்தா மாமா பண்ண மாதிரிதான்ணா ஆவும். அவங்களா எடுக்கட்டும்."

இன்னா சொல்றது? ஆணி துரு புடிச்சிக்கினு இருந்திச்சி.

ஐப்பசி வந்திச்சி. சர்வீஸுக்குப் போயிருந்தேன். காலையில இருந்தே வானம் இருட்டிக்கினு, வாடைக்காத்து சுள்ளுனு அடிக்குது. ஏரி கலங்கி, அலை கரைக்கு மேல ஏறுது. ஒருத்தனும் வலைக்குப் போவல. இன்ஜினுக்கு எண்ணெய் மாத்தி, பிளக்கு தொடச்சி, கை கழுவிட்டு வந்தா, அண்ணி சோறு போட்டாங்க. மடவை மீன் கொழம்பு, மாங்கா போட்டு. அப்பேர்ப்பட்ட கொழம்பு நான் என் ஊட்டுல சாப்ட்டதில்ல, இத அங்க போயி சொல்லிடாதீங்க. அண்ணி மக அமுதவல்லி புள்ளப்பேறுக்கு வந்திருந்திச்சி. தலைச்சன். பத்து நாளு கழிச்சித்தான் தேதி. செவுத்துல சாஞ்சி உக்காந்து இறால் தோலு உரிச்சிக்கினு இருந்திச்சி.

"அண்ணா, உன் இன்ஜினு என்ன தூக்குமா? நான் ரெண்டு ஆளு வெயிட்டு இப்ப"ன்னு சிரிச்சிது.

"உன்ன தூக்கும். உங்கம்மா கொழம்பு சாப்ட்ட என்னத்தான் தூக்காது."

சிரிச்சிக்கினே எழுந்திருக்கப் போனது, அப்படியே நின்னுடிச்சி. காலுக்குக் கீழ பாத்திச்சி. தண்ணி இல்ல. ரத்தம். "அம்மா"ன்னு ஒரு சத்தம்.

சோத்துல இருந்து கைய எடுத்துட்டேன். அம்பிகா ஓடி வந்து தாங்கி படுக்க வெச்சிது. பக்கத்து ஊட்டு பொம்பளைங்க வந்தாங்க. துணி மாத்த மாத்த நனையுது. அம்பிகா 108க்கு போன் போட்டுட்டு, "அரை மணியில ஆரம்பாக்கம் கரைக்கு வந்து நிக்கறாங்களாம். அத்தை, சாவி!"ன்னிச்சி.

அண்ணி அதுக்குள்ள போட்டோ முன்னாடி கற்பூரம் ஏத்திட்டாங்க. ரெண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டு, கண்ண மூடி ஒண்ண எடுத்துப் பிரிச்சாங்க.

வெள்ளை.

"அத்தை, இது பாடு சீட்டு இல்ல. உசுரு."

"இன்னொருவாட்டி கேக்கறேன். பொண்ணாச்சே, மனசு எறங்குவாரு." மறுபடியும் குலுக்கினாங்க. மறுபடியும் வெள்ளை.

அண்ணி அப்படியே உக்காந்துட்டாங்க. "காத்தப் பாத்துட்டு சொல்றாரு. படகு கவுந்துடும்னு அவருக்குத் தெரியுது."

"இங்க கெடந்தா ரத்தம் போயே செத்துடுவா அத்தை! நான் எடுக்கறேன்." அம்பிகா போட்டோ பக்கம் கைய நீட்டிச்சி. அண்ணி எழுந்து குறுக்க நின்னாங்க.

"அன்னிக்கி என் கையப் புடிச்சாரு. நான் எடுக்கல. இன்னிக்கி நீ எடுத்து அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா? அவரு பேச்ச மீறி எடுத்துதான் செத்தாள்னு நான் உசுரோட இருக்கணுமா?"

அம்பிகா நீட்டின கை அந்தரத்துலயே நின்னுது. அது திரும்பி வாசல்ல பாத்திச்சி. வாசல் பூரா ஜனம். "ஜெகதீசு மாமா, நீங்க சொல்லுங்க."

ஜெகதீஸ்வரன் தலைய குனிஞ்சிக்கினாரு. "ரெண்டுவாட்டி வெள்ளை வந்துக்குதும்மா. காத்து வேற இப்டி. சாவியே குடுத்தாலும் நான் எப்டி ஓட்டறது?"

உள்ள அமுதவல்லி, "நைனா, நைனா"ன்னு கூப்புடுது. செத்த அப்பன கூப்புடுதா, பொதுவா வலியில கூப்புடுதா தெரில. அந்தக் கொரலு இன்னும் என் காதுல இருக்குது.

நான் பின்பக்கமா எறங்கி வலைக்கூடத்துக்குப் போனேன். தலைவரு உக்கார்ற எடத்துக்கு மேலதான் நூல்கண்டு தொங்குது. கை வெக்கும்போது முதுவு சில்லுன்னு ஆச்சி. "சொல்லாதன்னுதான சொன்னீங்க. நான் சொல்லல, செய்யறேன்"ன்னு வாய் வுட்டே சொன்னேன். பல்லால கடிச்சி ஒரு முழம் அறுத்துக்கினு படகுக்கு ஓடினேன். ரெண்டு சுத்து, ஒரு முடிச்சு, கயித்தப் புடிச்சி இழுத்தேன். மூணாவது இழுப்புல பத்திக்கிச்சி.

அந்தச் சத்தம் காத்தையும் மீறி ஊட்டுக்குள்ள கேட்டுக்குது. சாவி போட்டோவுல தொங்குது. படகு ஓடற சத்தம் கேக்குது. ஊரு இன்னா நெனைக்கும்? "தலைவரு எடுத்துட்டாரு! தலைவரே எடுத்துட்டாரு!"ன்னு ஒரு பொம்பள கத்துறா. நாலு பேரு சாமி ஆடற மாதிரி ஓடி வர்றாங்க. ஜெகதீஸ்வரன் முழங்கால் தண்ணியில குதிச்சி, கண்ணுல தண்ணியோட, என்னத் தள்ளிட்டு உக்காந்து இன்ஜின்ல கை வெச்சிட்டாரு. கயித்துக் கட்டிலோட அமுதவல்லிய தூக்கிக்கினு வந்தாங்க. அம்பிகா ஏறிச்சி. அண்ணி போட்டோ இருக்கற பக்கம் பாத்துக் கும்புட்டுட்டு, பின்னாடி என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

எனக்கு ஒரு நிமிசம் நிம்மதியா இருந்திச்சி. நெனைச்சிக்கட்டும், தலைவருதான் எடுத்தாருன்னு இருக்கட்டும். யாருக்கு இன்னா நட்டம்?

பாதி ஏரி வந்தப்பறம்தான் அண்ணி கண்ணு இன்ஜின் மேல நின்னுது. அலை அடிச்சி எல்லாரும் நனைஞ்சி கெடக்கறோம். அவங்க அந்தப் பச்சை நூலையே பாக்கறாங்க. நாப்பது வருசமா வலை பொத்தற கை. நூலு எந்த ஊட்டு நூலுன்னு பாத்தாலே தெரியும்.

"இது நீ கட்டினதா?"

"ஆமா அண்ணி."

"சாவி இல்லாம ஓடுமா?"

"ஓடும்."

"எப்பவுமே ஓடுமா?"

நான் தண்ணியப் பாத்தேன். "ஓடும் அண்ணி."

"அன்னிக்கும் ஓடியிருக்குமா?"

இதுக்கு பதில் சொல்லாம ஏரியில குதிச்சிடலாம்னு இருந்திச்சி. "ஓடியிருக்கும்"ன்னேன்.

அமுதவல்லி தலைய அம்பிகா மடியில வெச்சி, முந்தானையால அலைத்தண்ணி படாம மறைச்சிக்கினு இருந்திச்சி.

"அவருக்குத் தெரியுமா இது?"

"தெரியும். ஒருவாட்டி கட்டிக் காட்டினேன். யாருக்கும் சொல்லாதன்னாரு."

அண்ணி அவங்க வலது கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வெரல மூடி, தொறந்து, மூடினாங்க. அப்பறம் என் மணிக்கட்ட புடிச்சாங்க, எலும்பு நோவற மாதிரி.

"ராஜவேலு. அவரு என் கையப் புடிக்கலப்பா. என் கையில இருந்த நூலப் புடிச்சாரு."

நான் வாய் வுட்டு அழுதுட்டேன். அவங்க அழுவல. கரை வர்ற வரைக்கும் என் கைய வுடல.

கரையில வண்டி நின்னுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தி, வயித்தக் கிழிச்சி எடுத்தாங்க. பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் பொழைச்சிக்கிச்சி. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காதுன்னு டாக்டரம்மா அம்பிகாகிட்ட சொல்லிச்சாம்.

மாசி பொறந்தப்பறம்தான் மறுபடியும் சர்வீஸுக்குப் போனேன். நடுவுல போவ எனக்கு மூஞ்சி இல்ல. கரையில எறங்கினா, படகைச் சுத்தி இருவது முப்பது பொம்பளைங்க. அம்பிகா இன்ஜின்கிட்ட நின்னுக்கினு கத்துது. "கைய இங்க வெச்சி இழுக்கணும். அடுத்து யாரு? வெண்ணிலா, நீ வா." கூட்டம் போட்டு எல்லாருகிட்டயும் கேட்டுக்கினு இருந்த பொண்ணா இது?

"இன்னா பிரசிடென்ட்டு, தீர்மானம் போட்டாச்சா?"

"போட்டுக்கலாம்ணா. மொதல்ல எல்லாரும் கத்துக்கட்டும்." டிரஸ்ட்டு சுதா மேடத்தையும் நேருல வரவழைச்சி, இதே சேத்துல எறக்கி நடக்க வெச்சிதாம். அதுக்கப்பறம் படகு போயிட்டு வந்தப்பறம் ஃபாரம் எழுதினா போதும்னு அந்தம்மாவே மாத்திட்டுதாம்.

இன்ஜின் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா கட்டியிருந்திச்சி. தொறந்து பாத்தேன். ஒரு முழம், ஒரு முழமா அறுத்த பச்சை நூலு. நூறு இருக்கும். ஒவ்வொண்ணும் நுனியில முடிச்சு போட்டிருக்குது. யாரு கை முடிச்சுன்னு எனக்கே தெரிஞ்சிது.

வலைக்கூடத்துக்குப் போனேன். அண்ணி தலைவரு எடத்துலயே உக்காந்து வலை பொத்திக்கினு இருந்தாங்க. பக்கத்துல தூளியில பேத்தி தூங்குது. ஊட்டுக்குள்ள எட்டிப் பாத்தேன். போட்டோ இருக்குது, மாலை இருக்குது, சாவி இல்ல. அது வலைக்கூடத்துல துரு புடிச்ச ஆணியில தொங்குது.

"உக்காருப்பா"ன்னாங்க. உக்காந்தேன். கொஞ்ச நேரம் ஊசி போறதும் வர்றதுமா இருந்திச்சி.

"உன்ன ஒண்ணு கேக்கணும். வைகாசியில அவரு போனாரு. நீ மறுநாளே வந்த. அதுக்கப்பறம் எத்தினி தபா வந்த, என் கையால சோறு தின்ன. பூ கட்டிப் பாக்கறத உன் கண்ணால பாத்த. ஏம்பா சொல்லல?"

அவங்க மனசு ஒடஞ்சிடும்னு பயந்தேன்னு சொல்லலாம்னு வந்தேன். பொய். அது முழு நெசம் இல்ல.

"அவரு சொல்லாதன்னாரு அண்ணி."

அண்ணி ஊசிய நிறுத்திட்டு என்ன நிமிந்து பாத்தாங்க. கோவம் இல்ல. புள்ளைக்கு சோறு ஊட்டற மாதிரி பொறுமையா சொன்னாங்க.

"அவரு செத்துட்டாரேப்பா."